மின்சார அம்மி வாங்கப் போகிறீர்களா?

அம்மி மூலையில் ஒதுங்கிவிட்டது. ஆட்டுக்கல் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. கல்யாணத்தில் மணமகள் அம்மி மிதிப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஆனால் அம்மி மிதித்த பெண்களில், மறுநாள் அம்மியில் சட்னி அரைப்பவர்கள் எத்தனை பேர்?

அந்த வேலையை இன்று மிக்சி செய்கிறது. காலையில் தேங்காய்ச் சட்னி. மதியம் குழம்புக்கு மசாலா. மாலையில் தக்காளித் துவையல். ஒரு நாளில் மூன்று தடவை, நான்கு தடவை அது சுழல்கிறது. வீட்டில் டெலிவிஷன் பழுதானால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். மிக்சி பழுதானால் அடுத்த வேளைச் சமையலே தடுமாறிப் போகும்.

இவ்வளவு முக்கியமான சாமானை நம் குடும்பங்கள் எப்படி வாங்குகின்றன? பண்டிகைத் தள்ளுபடியைப் பார்த்து வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் இருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள்.

நல்ல மிக்சி ஒன்றின் விலை, பல குடும்பங்களுக்கு ஒரு மாத மளிகைச் செலவு. சரியாகத் தேர்ந்தெடுத்தால் பல வருடம் உழைக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும். சமைப்பவரின் தோளும் நோகும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கல்லிலிருந்து மோட்டாருக்கு

முதலில் ஒரு சிறு கதை.

அரைக்கும் எந்திரங்களில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. மாவாட்டும் கிரைண்டர் பிறந்தது கோயம்புத்தூரில்தான். 1955-ல் பி. சபாபதி என்பவர் அதை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும்; கல் அசையாது. கிரைண்டரில் கல் சுழலும். கை ஓய்வு பெற்றது. கோயம்புத்தூர் கிரைண்டருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மிக்சியின் கதை வேறு. வெளிநாட்டு மிக்சிகள் பழச்சாறு அடிக்கவும், முட்டை அடிக்கவும் செய்யப்பட்டவை. நம் ஊர்க் காய்ந்த மிளகாயையும், மஞ்சளையும், ஊறிய உளுந்தையும் கண்டால் அவை திணறின. 1960-களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயர் இதற்கு வழி தேடினார். அவர் மனைவி மாதுரியின் வெளிநாட்டு மிக்சி பழுதானதுதான் அதற்குக் காரணம். "நம் சமையலுக்கு ஏற்ற மிக்சியை நாமே செய்தால் என்ன?" என்ற கேள்வி எழுந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் "சுமீத்" மிக்சி. ஒரு காலத்தில் மிக்சி என்றாலே சுமீத் என்று சொல்லும் அளவுக்கு அது பரவியது.

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரிசி வாங்கும் ரேஷன் கார்டுக் குடும்பப் பெண்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டம் அது. அதன்பின் குடிசை வீடுகளிலும் மிக்சியின் ஓசை கேட்கத் தொடங்கியது.

மாத்தூர் வீட்டுக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. எந்திரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது முதல் கேள்வி அல்ல. அது நம் சமையலுக்கு ஏற்றதா என்பதே முதல் கேள்வி.

நான்கு எந்திரங்கள், நான்கு வேலைகள்

கடைக்குப் போனால் நான்கு வகை எந்திரங்கள் கண்ணில் படும். நான்கும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வேலை வேறு வேறு.

முதலாவது, மிக்சி. இதன் பாத்திரம் குறுகலானது. அடியில் சிறிய பிளேடு. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை அது சுற்றும். வெட்டி, வெட்டித் தூளாக்கும். சட்னி, மசாலா, பொடி ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, கிரைண்டர். இது கல்லால் நசுக்கி அரைக்கும். மெதுவாகச் சுற்றும். அதனால் மாவு அவ்வளவாகச் சூடாகாது. உளுந்து பொங்கி, பந்துபோல் மேலே வரும். இட்லி பூப்போல இருக்க வேண்டுமானால் கிரைண்டருக்கு நிகர் இல்லை.

மூன்றாவது, புட் பிராசஸர். இது பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. உணவு விடுதிகளுக்காகப் பியர் வெர்டன் என்பவர் செய்தது. 1973-ல் கார்ல் சான்தைமர் என்பவர் இதை வீட்டுச் சமையலுக்கு ஏற்றபடி அமைத்து, "குவிசினார்ட்" என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதன் பாத்திரம் அகலமானது. காய் நறுக்கும், துருவும், மாவு பிசையும். ஆனால் நைசாக அரைப்பதில் மிக்சிக்கு ஈடாகாது. பாத்திரம் அகலமாக இருப்பதால், ஒரு கைப்பிடித் தேங்காய் அதில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, சாப்பர். உள்ளங்கையில் அடங்கும் சிறு பாத்திரம். சிலவற்றில் மோட்டார் உண்டு. சிலவற்றில் கயிறுதான் உண்டு. கயிற்றை இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றும். வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்க இது போதும். கயிறு வைத்த சாப்பருக்கு மின்சாரம் வேண்டாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஆனால் இதில் அரைக்க முடியாது.

மிக்சியோடு சேர்த்துப் புட் பிராசஸர் பாத்திரம் தரும் கம்பெனிகளும் உண்டு. ஒரே மோட்டார் இரண்டு வேலையையும் செய்யும். வாரத்தில் நான்கு நாள் சப்பாத்தி சுடும் வீட்டுக்கு இது உதவும். மாதம் ஒரு தடவை சப்பாத்தி சுடும் வீட்டில், அந்தப் பெரிய பாத்திரம் பரணில்தான் தூங்கும்!

ஒரு வாரம், ஒரு பென்சில்

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு எது வேண்டும்? இதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். உங்கள் அடுப்படியிடம் கேளுங்கள்.

அடுப்படிச் சுவரில் காலண்டர் தொங்குகிறதல்லவா? அதன் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் முழுவதும், எதை அரைத்தாலும் அந்தத் தேதிக் கட்டத்தில் குறித்து வையுங்கள். "சட்னி, ஒரு மூடித் தேங்காய்." "மிளகுத் தூள், இரண்டு ஸ்பூன்." "இட்லி மாவு, நாலு டம்ளர்." இவ்வளவு குறித்தால் போதும்.

வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு வியப்பு காத்திருக்கும். அதிகமாக உழைத்தது பெரிய ஜார் அல்ல. சின்னஞ்சிறு சட்னி ஜார்தான்! பத்துத் தடவை அரைத்தால் ஏழெட்டுத் தடவை அதுதான் மேலே ஏறியிருக்கும்.

அந்தக் குறிப்பு மூன்று விஷயங்களைச் சொல்லும். எதை அரைக்கிறீர்கள்? எவ்வளவு அரைக்கிறீர்கள்? எத்தனை தடவை அரைக்கிறீர்கள்? இந்த மூன்றும் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

மூன்று குடும்பங்கள்

சில உதாரணங்களைப் பார்ப்போம்.

புதிதாகத் தனிக்குடித்தனம் வந்த தம்பதி. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இட்லி மாவைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். சட்னியும், குழம்பு மசாலாவும்தான் அரைக்கிறார்கள். இவர்களுக்கு 500 வாட் மிக்சி போதும். இரண்டு ஜார் போதும். மீதிப் பணத்தில் ஒரு நல்ல குக்கர் வாங்கலாம்.

ஐந்து பேர் உள்ள குடும்பம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வாரத்தில் நான்கு நாள் இட்லி, தோசை. இந்த வீட்டில் மாவுக்குக் கிரைண்டர்தான் வேண்டும். கிரைண்டர் இருக்கும்போது மிகப் பெரிய மிக்சி எதற்கு? சட்னிக்கும் மசாலாவுக்கும் நடுத்தரமான மிக்சி ஒன்று போதும். இரண்டு எந்திரமும் தத்தம் வேலையைச் செய்யும். இரண்டும் நீடித்து உழைக்கும்.

வயதான தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் வீடு. பிள்ளைகள் வெளியூரில். பல் இல்லாத தாத்தாவுக்குக் காய்கறியை மசித்துக் கொடுக்க வேண்டும். பாட்டிக்கு முட்டி வலி, கை விரல்களில் பிடிப்பு. இவர்களுக்கு எவ்வளவு வாட் என்பது முக்கியம் அல்ல. ஜார் எடை குறைவாக இருக்க வேண்டும். மூடி எளிதாகத் திறக்க வேண்டும். கைப்பிடி பெரிதாக இருக்க வேண்டும். திருகும் குமிழ் இலேசாகத் திரும்ப வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் பாசத்தோடு ஒரு எந்திரம் வாங்கி வருவதும் உண்டு. அதில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். அந்த ஊர் எந்திரத்தை நேராக நம் வீட்டுப் பிளக்கில் செருகினால் அது கருகிப் போகும். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகே செருக வேண்டும்.

"வாட்" என்றால் என்ன?

கடையில் அதிகமாகக் கேட்கும் சொல் "வாட்" என்பது. 500 வாட், 750 வாட், 1000 வாட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். எண் பெரிதானால் மிக்சியும் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

அது சரியல்ல. எவ்வளவு வேகமாக மின்சாரத்தைச் சாப்பிடுகிறது என்பதைத்தான் வாட் சொல்கிறது. எவ்வளவு நன்றாக அரைக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நிறையச் சாப்பிடுகிறவன் எல்லாம் நிறைய வேலை செய்கிறானா என்ன?

சட்னிக்கும் சாதாரண மசாலாவுக்கும் 500 வாட் போதும். மஞ்சள், காய்ந்த மிளகாய், ஊறிய அரிசி போன்ற கடினமான பொருள்களை அடிக்கடி அரைக்கும் வீட்டுக்கு 750 வாட் நல்லது. சிறிய வீட்டுக்கு 1000 வாட் பெரும்பாலும் தேவைப்படாது.

"வாட் கூடினால் கரண்ட் பில் ஏறுமே?" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 வாட் எந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 750 வாட் மிக்சி ஒரு நாளைக்கு மொத்தம் 8 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. முப்பது நாளைக்கு 3 யூனிட். அவ்வளவுதான்!

500 வாட் மிக்சி அதே வேலைக்கு 12 நிமிடம் எடுத்துக்கொண்டால், அதற்கும் அதே மின்சாரம்தான் ஆகும். 150 வாட் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினாலும் அதே கணக்குத்தான். ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து மிக்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மின் அழுத்தம் குறையும் ஊர்களில் வேறொரு கவலை உண்டு. அழுத்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடாகும். விளக்கு மங்கி எரியும் நேரத்தில் மிக்சியை ஓட்டாதிருப்பதே மேல்.

அரைப்பது ஜார்தான்

மோட்டார் சுற்றும். ஆனால் அரைப்பது ஜாரும் பிளேடும்தான். அதனால் கடையில் மோட்டாரைவிட ஜாரை நன்றாகப் பார்க்க வேண்டும்.

சாதாரணமாக மூன்று ஜார் கொடுப்பார்கள். பெரியது ஒன்றரை லிட்டர் அளவு இருக்கும். மாவுக்கும் பழச்சாறுக்கும் அது ஆகும். நடுத்தர ஜார் ஒரு லிட்டர் அளவு. பொடிக்கும் மசாலாவுக்கும் அது பயன்படும். சிறியது அரை லிட்டருக்கும் குறைவு. அதுதான் சட்னி ஜார்.

முதலில் சட்னி ஜாரை எடுத்துப் பாருங்கள். தினமும் உழைக்கப் போவது அதுதானே! பிளேடு அடித்தட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். எட்டி இருந்தால், பாதி மூடித் தேங்காய் அடியில் தங்கிவிடும். பிளேடு மேலே காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றி, ஊற்றிச் சட்னி குழம்பாகிவிடும்!

ஜாரின் உட்சுவரில் மேடு மேடாக வரி இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றும் பொருள் அதில் மோதித் திரும்பப் பிளேடின் மேல் விழும். அதனால் சீராக அரையும்.

எவர்சில்வர் ஜாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகடு மெல்லியதாக இருந்தால் விரைவில் நசுங்கும். கைப்பிடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற கைப்பிடி மாவோடு ஜாரைத் தூக்கும்போது கைவிட்டுவிடும்.

பிளாஸ்டிக் ஜாரில் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். பழச்சாறுக்கு அது அழகு. ஆனால் மஞ்சளும் மசாலாவும் அரைத்தால் கறை ஏறும். மசாலாவுக்கு எவர்சில்வரே ஏற்றது.

"நாலு ஜார், அஞ்சு ஜார்" என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பயன்படாத ஜாருக்கும் சேர்த்துத்தான் விலை வாங்குகிறார்கள்.

கடையில் ஒரு காட்சி

கடைகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. கணவர் முன்னால் நிற்கிறார். மனைவி பின்னால் நிற்கிறார்.

"எது சார் நல்ல மிக்சி?" என்று கணவர் கேட்கிறார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க சார். ஆயிரம் வாட்! கல்லைப் போட்டாலும் மாவாக்கும்!" என்கிறார் கடைக்காரர்.

"ஏங்க, ஜாரைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கட்டுமா?" என்று மனைவி மெல்லக் கேட்கிறார்.

"அதெல்லாம் கம்பெனி ஜார்மா. பார்க்க வேண்டியதே இல்லை" என்று பதில் வருகிறது. கணவர் பணத்தை எடுத்துவிடுகிறார்.

இங்கேதான் தவறு நடக்கிறது. பணம் கொடுப்பவர் ஒருவர். பல வருடம் அந்த ஜாரைத் தூக்கி, மூடியை அமுக்கி, பிளேடைக் கழுவப் போகிறவர் இன்னொருவர். அரைக்கப் போகிற கை எதுவோ, அந்தக் கைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் கணவர் சமைத்தால் கணவரே பார்க்கட்டும். மாமியார் சமைத்தால் மாமியாரை அழைத்துப் போங்கள்.

கடையில் கூச்சப்படாமல் ஆறு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று: பெரிய ஜாரை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். மாவு நிறைந்தால் இன்னும் கனக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு: ஜாரை மோட்டாரின் மேல் வைத்து எடுங்கள். ஒரே திருகில் உட்கார வேண்டும். மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் வேண்டாம்.

மூன்று: மூடியை மூடித் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்துகிறதா?

நான்கு: மேஜைமேல் வைத்து அசைத்துப் பாருங்கள். அடியிலுள்ள ரப்பர் கால்கள் நன்றாகப் பிடித்து நிற்க வேண்டும்.

ஐந்து: ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா மிக்சியும் சத்தம் போடும். ஆனால் கரகரவென்ற ஓசையோ, கருகிய வாடையோ வரக் கூடாது.

ஆறு: "பிளேடு, ரப்பர், கப்ளர் தேய்ந்தால் எங்கே கிடைக்கும்?" என்று கேளுங்கள். ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் சிறு சக்கரம்தான் கப்ளர். நாளடைவில் அது தேயும். உங்கள் ஊரிலேயே அது கிடைக்குமானால் அந்த மிக்சி உங்களுக்கு உறவு. சென்னைக்கு எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டுமானால், எவ்வளவு நல்ல மிக்சியும் பாரம்தான்.

முத்திரையும் ரசீதும்

மிக்சியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வழங்கும் முத்திரை அது. வீட்டு மிக்சிகளுக்கென்று ஐ.எஸ். 4250 என்ற தனி இலக்கணமே இருக்கிறது. முத்திரைக்கு அருகில் "சி.எம்./எல்." என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். அது உரிம எண். கையில் ஸ்மார்ட் போன் இருந்தால், "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். உண்மை முத்திரையா, போலி முத்திரையா என்பது தெரிந்துவிடும்.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். "ரசீது இல்லாவிட்டால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று சொன்னால் இணங்காதீர்கள். பழுது வந்த நாளில் அந்த ரசீதுதான் உங்களுக்குச் சாட்சி.

வாரண்டி அட்டையை நிதானமாகப் படியுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "ஐந்து வருட வாரண்டி" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது மோட்டாருக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் இருக்கலாம். ஜாருக்கும் பிளேடுக்கும் எவ்வளவு காலம் என்று கேளுங்கள்.

புதுச் சாமான் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் சோர்ந்து போக வேண்டாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது நுகர்வோருக்கான தேசிய உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

விரல் பத்திரம்!

மிக்சி பிளேடு அருவாமனையைப் போன்றது. அருவாமனை கண்ணுக்குத் தெரியும். இது ஜாருக்குள்ளே மறைந்து நிற்கும். அதனால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

ஜாருக்குள் கையோ, கரண்டியோ விடுவதற்கு முன், ஜாரை மோட்டாரிலிருந்து எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. குழந்தையின் விரல் ஒரு நொடியில் சுவிட்சைத் தட்டிவிடும். ஜார் சரியாக உட்கார்ந்து, மூடியும் பூட்டினால்தான் ஓடும்படி செய்யப்பட்ட மிக்சிகள் இருக்கின்றன. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அப்படிப்பட்டதே நல்லது.

கொதிக்கக் கொதிக்க எதையும் அரைக்காதீர்கள். வதக்கிய தக்காளியையும் வெந்த பருப்பையும் ஆறவிடுங்கள். சூடான பொருள் ஜாருக்குள் சுழன்றால் ஆவி பெருகும். போக வழியில்லாமல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். முகத்திலும் மார்பிலும் கொதிக்கும் மசாலா தெறிக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் இந்த விபத்து இல்லை.

ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். குழாயடியை ஒட்டி மிக்சியை வைக்காதீர்கள். எர்த் இணைப்பு உள்ள பிளக்கில் மட்டும் செருகுங்கள்.

நீண்ட நாள் உழைக்க

வாங்குவதோடு வேலை முடியவில்லை. மாட்டுக்குத் தீனி போல, எந்திரத்துக்குக் கவனிப்பு.

ஜாரை நிறைக்காதீர்கள். முக்கால் பாகத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். முதலில் மெதுவாக ஓட்டி, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.

தொடர்ந்து ஓட்டாதீர்கள். பல மிக்சிகளுக்கு 5 நிமிட ஓட்டம், 2 நிமிட ஓய்வு என்று கணக்கு உண்டு. உங்கள் மிக்சிக்கு எவ்வளவு என்பது குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். கிரைண்டர் இல்லாதவர்கள் மிக்சியில் உளுந்து அரைக்கும்போது, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். மோட்டாரும் சூடாகாது, மாவும் சூடாகாது.

ஓடிக்கொண்டிருக்கும் மிக்சி திடீரென்று நின்றுவிட்டதா? உடனே "எரிந்து போச்சு!" என்று பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள். ஜாரிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சில நிமிடம் ஆறவிடுங்கள். பல மிக்சிகளின் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். பாரம் தாங்காமல் மோட்டார் கருகிவிடாதபடி காப்பாற்றும் காவல்காரன் அது. அதை அமுக்கினால் மிக்சி மறுபடி ஓடும். இது தெரியாமல் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஏராளம்!

அரைத்ததும் ஜாரைக் கழுவுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினால், பிளேடின் அடியில் ஒட்டியது வந்துவிடும். கழுவிய ஜாரைக் கவிழ்த்து உலர வையுங்கள். மோட்டாரை ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதைத் தண்ணீரில் காட்டக் கூடாது. ரப்பர் வளையம் தளர்ந்தால் உடனே மாற்றுங்கள். சிறு செலவுதான். பிளேடு மழுங்கினால் சாணை பிடிக்கலாம். அல்லது புதிதாக மாற்றலாம். அதற்காக மிக்சியையே தூக்கி எறிய வேண்டியதில்லை.

யாருக்காக வாங்குகிறோம்?

அம்மியில் அரைத்த காலத்தில் பெண்களின் பொழுதில் பெரும்பகுதி அரைப்பதிலேயே போயிற்று. விடியுமுன் எழுந்து மாவாட்டிய கைகள், மாலையிலும் மசாலா அரைத்தன. எந்திரம் வந்து அந்த உழைப்பைக் குறைத்தது. மிச்சப்பட்ட நேரத்தில் ஒரு தாய் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். வேலைக்குப் போகலாம். பத்திரிகை படிக்கலாம். சும்மா உட்கார்ந்து இளைப்பாறலாம். அதுவும் அவளுக்கு உரிமைதானே!

ஆனால் பொருத்தமில்லாத எந்திரம் அந்த நேரத்தை மீண்டும் பறித்துக்கொள்ளும். தூக்க முடியாத ஜார், திறக்க வராத மூடி, மூன்று தடவை வழித்துவிட்டாலும் அரையாத சட்னி, மாதம் ஒரு தடவை ரிப்பேர் கடை. இப்படியெல்லாம் இருந்தால் அம்மியே மேல் என்று தோன்றிவிடும்.

ஆகவே, அடுத்த தடவை மிக்சி வாங்கப் புறப்படும்போது, விளம்பரத் தாளைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். ஒரு வாரம் குறித்து வைத்த காலண்டர் தாளை எடுத்துப் போங்கள். வீட்டில் யார் அரைக்கிறாரோ, அவரை முன்னால் நிறுத்துங்கள். அவர் ஜாரைத் தூக்கிப் பார்த்து, மூடியைத் திறந்து பார்த்து, "இது போதும்" என்று சொன்ன பிறகு பணத்தை எடுங்கள்.

அந்த மிக்சிதான் உங்கள் வீட்டுக்கு நல்ல மிக்சி!